ஏழு கடாக்களும் ரேஷன் பாமாயிலும்

எங்கள் தெருவில் ரேஷன் பாமாயிலை வாங்காத வீடு இல்லை; அதில் சமைக்கிற வீடு இரண்டோ மூன்றோதான். கார்டுக்கு உரியதை விடக்கூடாது என்று வரிசையில் நின்று வாங்குவோம். கொண்டுவந்து சமையல் மேடைக்கு அடியில் வைத்துவிட்டுக் கடலை எண்ணெயில் தாளிப்போம். என் வீட்டில் அப்படி ஒன்பது பாக்கெட் சேர்ந்திருந்தபோதுதான் பின்நிலத்துப் பெண் வந்து கேட்டாள்.

"அக்கா, பாமாயில் கீதா? சும்மா கெடந்தா குடுங்க. கடாவுக்கு."

"கடாவுக்கு பஜ்ஜி போடப் போறியா?"

"தவுட்டுல கலந்து வெக்கணுமாம். டாக்டரம்மா சொன்னாங்க. எடை ஏறுமாம்."

ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகும் சாலையில் உள்ளே திரும்பினால் எங்கள் மனைப்பிரிவு. பன்னிரண்டு வீடுகள். கடைசி வீடு என்னுடையது. அதற்குப் பின்னால் அவர்களுடைய ஒன்றரை ஏக்கர். அதற்கும் பின்னால் ஒரு தொழிற்சாலையின் நீலக் கூரை. அவளும் அவள் கணவனும் விவசாயக் குடும்பத்தில் பிறந்து தொழிற்சாலைக்குப் போனவர்கள். அவள் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். வருகிற பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லது ஓகே, தேறாதது என்.ஜி. என்று இரண்டாகப் பிரிப்பது அவளுடைய பதினோரு வருட வேலை. அவன் வேறொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர்.

அந்த நிலத்தில் கொட்டகை போட்டு, ஜவளகிரிப் பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்து, ஏழு எருமைக் கடாக் கன்றுகளைச் சேர்த்திருந்தார்கள். பால் கறக்கிற வீட்டில் ஆண் கன்று ஒரு பாரம்; கொடுத்தால் போதும் என்று கொடுப்பார்கள். அதைத் தீவனம் போட்டு வளர்த்து, எடை ஏற்றி, இறைச்சிக்குக் கொடுப்பது இவர்களுடைய திட்டம். தெருவில் ஒருவர் இதைப்பற்றி அவளிடம் முகம் சுளித்தார். "எங்க வூட்ல யாரும் திங்கமாட்டோம்ங்க. திங்கறது அவங்கவங்க இஷ்டம், வளக்கறது எங்க வேலை" என்று சொல்லிவிட்டு, "உங்க வூட்டுப் பாமாயில் கீதா?" என்று அவரையும் கேட்டாள். அவரும் இரண்டு பாக்கெட் கொடுத்தார்.

நான் இருபத்திரண்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள். எருமையைப்பற்றி எனக்குத் தெரிந்தது, அது சாலையில் படுத்தால் எழாது என்பது மட்டும். அதனால் மாட்டுத் தீவனத்தில் எண்ணெயா என்று நானும் சந்தேகப்பட்டேன். அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர், மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த பெண், ஒருநாள் கொட்டகையில் வைத்து விளக்கினார். தவிட்டில் இருக்கிற சக்தியைப்போல அதே எடை கொழுப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. வயிற்றில் இடம் அடைக்காமல் சக்தி மட்டும் உள்ளே போகும். ஆனால் கொஞ்சமாக ஆரம்பித்து மெல்ல ஏற்றவேண்டும். ஒரு கடாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு காபி டம்ளர், அதுவும் சாயங்காலத் தீவனத்தில் மட்டும்.

"அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாதும்மா. நல்லதுதானேன்னு ஊத்திறக் கூடாது. அங்கிட்டுப் போனா வேற கதை" என்றார்.

இரண்டு மாதத்தில் நான் கண்டது என் சந்தேகத்தைத் தீர்த்தது. எண்ணிவிடக்கூடியதாக இருந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே மறைந்தன. செம்பட்டையாகச் சொரசொரத்துக் கிடந்த மயிர் உதிர்ந்து, புதிதாக முளைத்தது கருகருவென்று பளபளத்தது. காலை வெயிலில் அவற்றின் முதுகில் கொட்டகைத் தகரத்தின் பிம்பம்கூடத் தெரிந்தது. எங்கள் தெரு வேண்டாம் என்று ஒதுக்கிய எண்ணெய், சுவரின் அந்தப் பக்கத்தில் தசையாக மாறிக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கடா மற்றவற்றை இடித்துத் தள்ளிவிட்டு மூன்று தொட்டியிலும் வாய் வைக்கும். அதுதான் பெரியது.

அந்தச் சமயத்தில்தான் அவள் கம்பெனியில் ராஜினாமா கடிதம் கொடுத்தாள். ஏழு கடாவையும் கொடுத்த பிறகு பதினைந்தாக வளர்ப்பது, வீட்டில் ஒருவர் முழுநேரமும் கொட்டகையில் இருப்பது என்று முடிவு. ஒரு மாத நோட்டீஸ். மனிதவள அதிகாரி நல்லவர். "இந்த மாசக் கடைசி வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் இருக்கும்மா. மனசு மாறினா வந்து லெட்டரை வாங்கிட்டுப் போ. அப்புறம் வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். கணவனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

அந்தக் கடைசி வெள்ளி வருகிற வாரத்துத் திங்கட்கிழமை மாலை, மதில் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வந்து நில்லுங்க. எதுனா சத்தம் கேக்குதா?"

கேட்டேன். தொழிற்சாலையின் விசிறி இரைச்சல். சாலையில் ஒரு லாரி.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்க்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாலை வேளைகளில் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஏழு வாய்கள் அசைபோடுகிற சத்தம். ஈர மணலில் யாரோ செருப்புக் காலோடு நடப்பதுபோல இருக்கும். மாதக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அது எனக்குக் காதில் விழாமலே போயிருந்தது. இப்போது அது இல்லை.

கொட்டகைக்குப் போனேன். ஏழும் நின்றுகொண்டிருந்தன. தொட்டியில் தவிடு வைத்தபடி இருந்தது. கேழ்வரகுத் தட்டையைச் சுட்டிக் கடா முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாணம் மட்டும் சாம்பல் நிறத்தில், மேலே ஒரு பளபளப்போடு, தண்ணீராகக் கிடந்தது.

மறுநாள் காலை மருத்துவர் வந்தார். இரவு வேலை முடிந்து வந்த கணவனும் குளிக்காமல் சீருடையோடு நின்றான். அவள் மூன்று நாள் விடுப்பு போட்டிருந்தாள். மருத்துவர் சுட்டிக் கடாவின் இடது பக்கம் போய், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மூடிய கையை அழுத்தி வைத்துக் கொண்டு, மறு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் அப்படியே நின்றார்.

"நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது வயிறு உள்ள இருந்து வந்து கையைத் தள்ளணும். அஞ்சு நிமிஷமாச்சு. ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, "எண்ணெய் எவ்வளவு ஊத்துறீங்க?"

"ஒரு டம்ளர் மேடம். நீங்க சொன்னதுதான்" என்றாள் அவள்.

"தினம் ஒரு தடவை?"

"ஒரு தடவதான் மேடம். எல்லாம் ஷீட்ல கீது."

கொட்டகைத் தூணில் ஒரு அட்டையில் செருகித் தொங்கியது அந்தத் தாள். நான் பலமுறை பார்த்ததுதான். கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் தொங்குகிற செக் ஷீட்டைப் பார்த்து அவளே கோடு போட்டுத் தயாரித்தது. தேதிக்கு ஒரு வரிசை. தீவனம், தண்ணீர், எண்ணெய், சாணம் என்று நான்கு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டுக்கு மூன்று கட்டம். இரண்டு வாரமாக அவள் ஏ ஷிப்ட், கணவன் சி ஷிப்ட்; பி கட்டம் யாருக்கும் இல்லை. விடியும் முன் அவள் கம்பெனி பஸ் ஏறுவாள்; ஏழு மணிக்கு அவன் வந்து இறங்குவான். மாலையில் அவள் கொட்டகையில் இருக்கும்போது அவன் தூங்குவான். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியதைவிட அந்தத் தாளின் வழியாகப் பேசியதுதான் அதிகம்.

மருத்துவர் தாளைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சுத்தமான தாள். விடுபட்ட கட்டம் அதிகமில்லை. பிழைகளையே தேடி வயிறு வளர்த்த என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அவள்தான் தூணருகே போய், எண்ணெய்ப் பிரிவில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். பாதியில் விரல் நின்றது.

"ஏங்க. இந்த சி கட்டத்துல டிக் நீங்க போட்டதா?"

"ஆமா."

"ஊத்திட்டுப் போட்டீங்களா, சும்மா போட்டீங்களா?"

"ஊத்தாம எதுக்குப் போடுவேன்? காலைல தவுட்டுல ஊத்திட்டுத்தான் போட்டேன். கட்டம் காலியா இருந்துச்சு."

"அது காலியாதான் இருக்கணும்! நான் ஏ கட்டத்துல போடறன் இல்ல?"

"அது உன் ஷிப்ட். நான் உன் கட்டத்த எதுக்குப் பாக்கறேன்? என் கட்டம் காலியா வுட்டா எங்க சூப்பர்வைசரு என்னைத்தான் கேப்பாரு."

"இங்க எந்த சூப்பர்வைசருங்க கீறாரு? சுட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. நடந்தது இதுதான். முதல் கத்தைத் தாள்களில், எண்ணெய்க்கு வேண்டாத இரண்டு கட்டங்களில் அவள் கையால் கோடு இழுத்து அடைத்திருந்தாள். தாள் தீர்ந்ததும் வெற்றுத் தாளைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்துவந்தாள். கோடு இழுக்க மறந்தாள். கணவன் காலிக் கட்டத்தைப் பார்த்தான். பதினைந்து வருடமாக ஒரு காலிக் கட்டத்தையும் விட்டு வீட்டுக்குப் போகாத கை அது. ஏழு டம்ளர் எண்ணெயை ஊற்றி டிக் போட்டது. அதுவும் கம்பெனி வழக்கப்படி, விடிந்த பிறகும் சி ஷிப்ட் முந்தைய நாள் தேதியில்தான் சேரும். ஆகவே அவன் போட்ட டிக், அவள் முடித்துவிட்ட பழைய வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளும் மேல் வரிசைகளைப் பார்க்காமல் இல்லை. ஆனால் விடுபட்ட கட்டத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்குக் கூடுதலாக இருக்கிற டிக் தெரிவதில்லை. நிறைந்திருந்தால் ஓகே. பன்னிரண்டு நாள் எல்லாம் ஓகேயாக இருந்தது. போதாததற்கு, எடை இன்னும் ஏறட்டும் என்று அவன் பருத்திக்கொட்டையையும் கூட்டியிருந்தான். அதிலும் எண்ணெய்தான்.

அந்த மாதம் அவள் என்னிடம் இரண்டு முறை பாமாயில் கேட்டு வந்தாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

மருத்துவர் யாரையும் திட்டவில்லை. ஒரு நீளக் குழாயைச் சுட்டியின் வாய்வழியாக இறக்கி, வயிற்றிலிருந்து கொஞ்சம் நீரை ஒரு பாட்டிலில் எடுத்தார். அது சாம்பல் நிறத்தில் புளித்த வாடையோடு இருந்தது. மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. மருந்தகத்தில் சாணம் பரிசோதிக்க வைத்திருக்கும் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டைப் பார்த்துவிட்டுப் பிற்பகல் போனில் கூப்பிட்டார்.

"உள்ள இருக்கிற நுண்ணுயிர் ஒண்ணும் உயிரோட இல்லம்மா. எண்ணெய் எல்லாத்தையும் மூடிருச்சு. தட்டையைச் செரிக்க வைக்கிறதே அதுகதான். இப்ப நீங்க தங்கத்தையே கொண்டுவந்து போட்டாலும் கடாவால செரிக்க முடியாது."

"மருந்து இல்லையா மேடம்?"

"பவுடர் குடுக்குறேன். ஆனா செத்துப்போன கூட்டத்தைப் பவுடர் எழுப்பாது. வேற ஒரு நல்ல மாட்டோட வயித்துல இருந்து எடுத்துவந்து உள்ள விடணும். சூடு ஆறுறதுக்குள்ள."

"வேற மாட்டு வயித்துல இருந்து எப்படி மேடம் எடுக்கறது?"

"உங்க யாவாரி யாரு?" என்று கேட்டார் மருத்துவர்.

கடாக்களை இறைச்சிக்கு வாங்குகிற வியாபாரி அன்று மாலையே வந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் பேசுகிறவர். மாடுகளிடம் மட்டும் கன்னடத்தில் பேசுவார். "எல்லையில பொறந்ததுங்க. தமிழ்ல கூப்பிட்டா திரும்பாது" என்பார். ஏழு கடாக்களையும் சுற்றிவந்து, சுட்டியின் தாடையைத் தட்டி, "ஏனப்பா, ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பிட்டாயிற்றா எனக் கன்னடத்தில் விசாரித்தார். அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன். இன்னும் மூணு நாள் இப்படியே நின்னா ரெண்டு மாசமா ஏத்தின எடை பூரா எறங்கிடும். இப்பவே என்கிட்ட வுட்டுடு. என் கொட்டாய்ல வெச்சி நான் பாத்துக்கறேன். பொழச்சா என் அதிர்ஷ்டம்."

"குடுத்துடலாம் மே" என்றான் கணவன். "வெள்ளிக்கெழமைக்குள்ள நீ போயி அந்த லெட்டர வாங்கிக்க. இது நமக்கு ஆவாது."

அவள் இருவரையும் பார்க்கவில்லை. சுட்டியின் இடது பக்கப் பள்ளத்தில், மருத்துவர் செய்ததுபோல, கையை மூடி வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாய், உங்க கிட்ட விக்கறதப்பத்தி அப்புறம் பேசலாம். நாளைக்கு காலைல எத்தினி மணிக்கு அறுப்பு?"

"அஞ்சரை. ஏன்?"

சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். கறி கேட்டு வருவாங்க, தோல் கேட்டு வருவாங்க, எலும்பு கேட்டு வருவாங்க. வயித்துல இருக்கறத கேட்டு வந்தது நீதான் முதல்" என்றார். "வா. என் கையால எடுத்துத் தரேன்."

சூடு ஆறாமல் கொண்டுவரப் பாத்திரம் வேண்டும். எங்கள் தெருமுனை டீக்கடையில் தொழிற்சாலைகளுக்கு டீ கொண்டுபோகிற பெரிய எவர்சில்வர் கேன் ஒன்று உண்டு. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் கேனைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "இத எனக்குத் திருப்பித் தராதம்மா. நீயே வெச்சிக்க. உன் கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் செய்யல" என்றார்.

புதன்கிழமை விடிகாலை என் காரில் நாங்கள் இருவரும் அறுப்புக்கூடத்துக்குப் போனோம். ஓசூரின் மார்கழிக் குளிர். அவள் மடியில் கேனை வைத்துக்கொண்டிருந்தாள். தான் வளர்ப்பவை எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்துக்குள் அதுவரை போனதில்லை. உள்ளே போகவேண்டாம், வாசலிலேயே நில் என்றேன். "பாக்காம எப்பிடிக்கா?" என்று இறங்கிவிட்டாள்.

நாங்கள் போனபோது அறுப்பு முடிந்திருந்தது. நான் எதிர்பார்த்தது ரத்தம். நான் பார்த்தது ஆவி. சிமெண்டுத் தரையில், ஒரு பெரிய எருமைக் கடாவின் முதல் இரைப்பை கிடந்தது. இரண்டு ஆள் சேர்ந்து புரட்டவேண்டிய அளவு. வியாபாரி கத்தியால் ஒரு கோடு இழுத்தார். உள்ளேயிருந்து வெண்ணிற ஆவி எழும்பிக் குளிரில் கூரைவரை போனது. உடல் முடிந்து நேரமாகியிருந்தது. வயிறு இன்னும் முடியவில்லை. அதன் ஓரம் ஒருமுறை தானாகச் சுருங்கி விரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உள்சுவர், கம்பளியைப்போலக் குட்டிக் குட்டி நாக்குகளால் நிறைந்திருந்தது. மேலே அரைத்த புல் ஒரு மெத்தையாக மிதந்தது. கீழே பச்சை நீர். வாடை நான் பயந்த மாதிரி இல்லை. வெயில் படாத வைக்கோல் போரின் அடி வாசம். வியாபாரி கை நிறைய அள்ளி, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்தார். பச்சை நீர் கேனில் விழுந்தது. அவள் கேனைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடா கீதுக்கா" என்றாள். "நம்ம உடம்பைவிடச் சூடு."

மூடியை இறுக்கி, அதன்மேல் அவளுடைய சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் மருந்தகத்தில் மருத்துவர் காத்திருந்தார். "ஒரு நிமிஷம். உயிரோட இருக்கான்னு பாத்துட்டு ஊத்துவோம்" என்று ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் எடுத்தார். முதலில் அவர் பார்த்தார். பிறகு நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார்.

அவளுக்கு முன்னால் நான் பார்த்தேன். இன்றும் அதைச் சரியாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. வெளிச்ச வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள். முட்டை வடிவம், பேரிக்காய் வடிவம், ஒரு முனையில் மயிர்க்கற்றை வைத்தவை. ஒன்றையொன்று இடித்து, சுழன்று, வழி கிடைக்காமல் திரும்பி, மறுபடி இடித்து. சில, தன்னைவிடப் பெரிய புல்துணுக்கை விழுங்கி, அது உள்ளே பச்சையாகத் தெரிய, கனத்து நகர்ந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. ஒரு சொட்டில் இது. மடியில் வைத்துக்கொண்டு வந்த கேனில்? ஏழு வயிறுகளில்? நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஷிப்ட் வுடற நேரத்து பஸ் ஸ்டாண்டு மாரி கீது மேடம்" என்றாள், கண்ணை எடுக்காமலே.

"நீங்க கடாவுக்குத் தீவனம் போடுறதா நெனைக்கிறீங்க. இல்லம்மா. நீங்க போடுறது இதுகளுக்கு. இதுக புல்லைத் தின்னு பெருகுது. கடா இதுகளைத்தான் செரிச்சு வளருது" என்றார் மருத்துவர்.

"இத்தினி பேருக்கா நான் சோறு போட்டுகினு இருந்தேன்?" என்று நிமிர்ந்தாள். பிறகு குரல் இறங்கியது. "இத்தினி பேரையா கொன்னோம்?"

கொட்டகையில், மிதந்த எண்ணெயை முடிந்தவரை குழாய்வழியாக வெளியே எடுத்துவிட்டு, மருத்துவர் ஏழு கடாக்களுக்கும் பச்சை நீரை இறக்கினார். கணவன் ஒவ்வொன்றின் தலையையும் தூக்கிப் பிடித்தான். அவன் முகம் தூக்கத்தாலும் வெட்கத்தாலும் வீங்கியிருந்தது. சுட்டிக்கு ஊற்றும்போது கேனில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை வடித்தாள். பிறகு உலர்ந்த தட்டை மட்டும் ஒரு கைப்பிடி. எண்ணெய், பருத்திக்கொட்டை இரண்டும் மறு உத்தரவு வரும்வரை கிடையாது.

வியாழன் காலை ஒன்றும் நடக்கவில்லை. சுவருக்கு அப்பால் அமைதி. பிற்பகல் மூன்று மணிவாக்கில் நானும் அவளும் கொட்டகையில் இருந்தபோது, எல்லாவற்றிலும் சிறிய கடா தலையை லேசாக முன்னால் நீட்டியது. அதன் அடித்தொண்டையிலிருந்து ஒரு உருண்டை மேலே ஏறுவது தோலுக்கு வெளியே தெரிந்தது. நெல்லிக்காய்க்குக் கொஞ்சம் பெரியது. அது வாய்க்கு வந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. பிறகு நிற்கவில்லை. ஈர மணலில் செருப்புக் கால்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், சத்தம் போட்டால் அது நின்றுவிடும் என்பதுபோல. கணவன் தூக்கத்திலிருந்து எழுந்து லுங்கியோடு ஓடிவந்தான். மூவரும் நின்று, ஒரு கடா அசைபோடுவதைக் கோயில் வாசலில் நிற்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணிக்கணக்கில் தினமும் அது செய்த வேலைதான்.

வெள்ளி விடிகாலையில் ஐந்து அசைபோட்டன. சுட்டியும் இன்னொன்றும் அசைபோடவில்லை. அவள் சீருடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அப்போதுதான், ஷிப்ட் முடியும் முன்பே அனுமதி கேட்டு வந்திருந்தான் கணவன். "லெட்டர வாங்கிக்கோ மே. ரெண்டு இன்னும் அப்பிடியே கீது" என்றான். அவள் மதில் ஓரம் நின்ற என்னைப் பார்த்து, "சுட்டிய பாத்துக்கோங்கக்கா" என்றாள்.

மாலை அவள் திரும்பியபோது நானும் அவள் கணவனும் கொட்டகையில்தான் இருந்தோம். பிற்பகலில் ஆறாவது கடா அசைபோட ஆரம்பித்திருந்தது. சுட்டி படுத்துவிட்டது.

"இன்னா ஆச்சு?" என்றான் கணவன்.

"கூப்பிட்டுக் கேட்டாரு. 'யோசிச்சியாம்மா'ன்னாரு. யோசிச்சேன் சார்ன்னேன். 'லெட்டர் வேணுமா'ன்னாரு. இருக்கட்டும் சார்ன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அந்த ஷீட்டு கோடு போட்டது நானு. அத அப்பிடியே வுட்டுட்டு நான் எங்க போயி இன்னொருத்தன் செஞ்சத என்.ஜி.ன்னு சொல்றது?"

சுட்டி ஞாயிற்றுக்கிழமை காலை செத்தது. எல்லாத் தொட்டியிலும் வாய் வைத்த பெரிய கடா. அதற்குத்தான் அதிகம் போயிருந்தது. நிலத்தின் மூலையில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். வியாபாரி வந்திருந்தார். குழியருகே நின்று கன்னடத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஆறும் பிழைத்துக்கொண்டன. ஒரு மாதம் கழித்து மருத்துவர் எண்ணெயை மறுபடி அனுமதித்தார், கால் டம்ளரிலிருந்து. அவள் புதுத் தாள் போட்டாள். எண்ணெய்ப் பிரிவில் இப்போது ஒரே ஒரு கட்டம். அதன் பக்கத்தில் ஒரு புதுப் பிரிவு: 'அசை'. அதில் டிக் போடக்கூடாது என்பது கணவனுக்கு உத்தரவு. கையை வைத்துப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை தள்ளல் என்று எண் எழுதவேண்டும்.

ஒருநாள் பாமாயில் பாக்கெட்டைக் கொடுக்கப் போனபோது, என்னையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். சிறிய கடாவின் இடது பள்ளத்தில் மூடிய கையை அழுத்தினேன். தோல் சூடாக இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஆழத்திலிருந்து ஏதோ புரண்டு, மெதுவாக மேலே வந்து, என் கையைத் தூக்கியது. மறுக்க முடியாத, அவசரமில்லாத ஒரு தள்ளல். இடி தூரத்தில் உருள்வதுபோல ஒரு முழக்கம் என் முழங்கைவரை ஏறி அடங்கியது.

"ஒண்ணு" என்றேன்.

"கைய எடுக்காதீங்கக்கா" என்றாள் அவள், போனில் நொடியைப் பார்த்தபடி. "இன்னும் நிமிஷம் முடியல."